காலிதீன் மாஸ்டரின் பசளைக் காசு

காலிதீன் மாஸ்டர் தன் வயலுக்கு வருவது அறுவடை நாளில் மட்டும்தான். வந்தாலும் வரம்பில் கால் வைக்கமாட்டார். வாய்க்கால் கட்டில் வேனை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, மோதிரம் போட்ட விரலை வெளியே நீட்டி, "அந்த மூலை ஏன் படுத்துக் கிடக்கு?" என்று கேட்பார். பதில் வருவதற்குள் கண்ணாடி ஏறிவிடும். வேனுக்குள் இருக்கிற குளிர் போய்விடுமாம்.

இப்படிப்பட்ட மனிதர்தான் புளியடிக் கண்டத்து வயல்களின் கமக்காரர் அமைப்பின் தலைவர். ஒவ்வொரு முறையும் ஏகமனதாகத் தெரிவாகிறவர். ஏகமனதாக என்றால், கூட்டத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அவருடைய காணியிலோ அவருடைய மச்சான்மாரின் காணியிலோ குத்தகைக்குச் செய்கிறவர்கள். கையைத் தூக்காமல் இருக்க அவர்களுக்கு வசதி கிடையாது.

அவருடைய காணியில் ஒரு துண்டை நற்பிட்டிமுனை அச்சிமுகம்மது நெடுங்காலமாகச் செய்துவந்தார். உழவு, விதைநெல், பூச்சிக்கு அடிக்கிற எண்ணெய், பசளை, வெட்டுக்கூலி எல்லாம் செய்கிறவன் பாடு. அறுவடை முடிந்ததும் குத்தகை நெல் மாஸ்டரின் வீட்டுக்குப் போய்விடவேண்டும். வெள்ளம் வந்து பாதி அழிந்தாலும் அந்த மூடைகளில் குறைச்சல் இல்லை. மிஞ்சுவது அச்சிமுகம்மதுவுக்கு. மிஞ்சுவதில்தான் அவரும் மனைவி சல்மா உம்மாவும் மகள் முஸ்பிறாவும் சாப்பிட்டார்கள். முஸ்பிறாவுக்குக் கலியாணம் பேசி முடிந்திருந்தது. அவளுக்குச் சீதனமாகக் கொடுக்கவேண்டிய வீட்டின் சுவர்கள் கூரையில்லாமல் மழையில் நனைந்துகொண்டிருந்தன. இந்தப் போகம் விளைந்தால் ஓடு போடலாம் என்பது கணக்கு.

பசளை வாங்க அரசாங்கம் கொடுக்கும் மானியம் வயல் செய்கிறவனுக்கே என்று ரேடியோவில் சொன்னார்கள். ரேடியோவில் சொன்னவர்களுக்குப் புளியடிக் கண்டம் எங்கே இருக்கிறதென்று தெரியாது. விவசாயக் கந்தோரின் பதிவேட்டில் செய்கைக்காரர் என்று பதிவாகியிருந்தது காலிதீன் மாஸ்டரின் பெயர். பதிந்து அனுப்பியதும் அமைப்பின் தலைவராகிய அவரேதான். ஆகவே காசு அவருடைய வங்கிக் கணக்குக்குப் போனது. கணக்குக்குள் போன காசு வெளியே வந்ததாக யாரும் கண்டதில்லை.

மழை கொஞ்சம் ஓய்ந்து வெயில் எறித்த ஒரு காலையில், சல்மா உம்மா ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு வயலுக்கு வந்தார். சாப்பாட்டைக் காவல் குடிசையான வாடிக்குள் வைத்துவிட்டு வரம்பில் நின்று பார்த்தார். முகம் சுருங்கியது.

"இஞ்ச பாருங்க, இது என்ன நிறம்? காமாலை புடிச்ச புள்ள மாதிரி மஞ்சளிச்சிக் கிடக்கு."

"யூரியா போடணும்," என்றார் அச்சிமுகம்மது, ரொட்டியைப் பிய்த்தபடி.

"போடுங்களன்."

"மானியக் காசு வந்தாக் கைக்காசுக்கு எடுக்கலாமெண்டு பாத்தன். மசூர்ட கடையில விதைநெல்லுக்கும் எண்ணெய்க்கும் கடன் நிக்கிது. இன்னும் கேக்க ஒரு மாதிரி இரிக்கி."

"காசு வந்திட்டாமே. ஊரெல்லாம் கதைக்கிற."

"காணிக்காரருக்குத்தானே வந்திரிக்கி."

"பசளை காணிக்காரன்ட தலையிலயா போடுற? போய்க் கேளுங்க."

"கேட்டா என்ன நினைப்பாரோ தெரியாது."

"அவர் நினைக்கிறதுக்குப் பயந்து வெள்ளாமை மஞ்சளிக்கணுமா? ஒங்களப் பெத்தவ ஒங்களுக்கு வாயும் வெச்சித்தானே பெத்திரிப்பா!"

அச்சிமுகம்மது அன்று பின்னேரமே போனார். மாஸ்டர் விறாந்தையில் சாய்கதிரையில் இருந்தார். பக்கத்தில் நான்கு கதிரைகள் கிடந்தன. இருக்கச் சொல்லவில்லை.

"என்ன அச்சி, தண்ணி கூடிட்டா?"

"இல்ல மாஸ்டர். பசளைக் காசு..."

"என்ன பசளைக் காசு?"

"மானியம் வந்திரிக்காம்."

"ஆருக்கு?"

அச்சிமுகம்மது தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கையில் சுற்றினார். "ஒங்களுக்கு."

"எனக்கு வந்தா நீ ஏன் அதுக்குப் பின்னால அலையிறாய்? காணி உறுதி ஆருட பேர்ல இரிக்கி? இஞ்ச பாரு, நான் ஒன்னப்போல ஆக்களுக்காக எவ்வளவு ஓடித்திரியிறன் தெரியுமா? கந்தோருக்குப் போற, கச்சேரிக்குப் போற. வேனுக்கு டீசல் ஆருட காசு? கூட்டத்துக்கு பிஸ்கட் ஆருட காசு?"

நெல்லுக்குப் போகவேண்டியது வேனுக்கும் பிஸ்கட்டுக்கும் போயிருக்கிறது என்பதை மாஸ்டர் தன் வாயாலேயே சொன்னார். அதில் வெட்கப்பட எதுவும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. அதைவிடக் கேவலம், அச்சிமுகம்மதுவும் "ஓம் மாஸ்டர், கஷ்டந்தான்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

மறுநாள் மசூரின் கடையில் யூரியாவையும் கடனுக்கு எடுத்தார். பயிர் பச்சை பிடித்தது.

பக்கத்துத் துண்டைச் செய்பவர் சொறிக்கல்முனைக் கதிர்காமன். அவருடைய காணிக்காரர் மாஸ்டரின் மச்சான். கதிர்காமனுக்கு வாய் சும்மா கிடக்காது. குத்தகைக்காரர்களிடம் ஒப்பம் வாங்கி மேல் கந்தோருக்கு ஒரு மனு எழுதினார். அண்ணன் முறை வைத்துக் காக்கா என்று கூப்பிடும் அச்சிமுகம்மதுவிடமும் வரம்பு வழியே வந்தார்.

"காக்கா, இதில ஒரு ஒப்பம் வையுங்க. நாம செய்யிறம், அவங்க எடுக்கிறாங்க. இதக் கேக்கவும் பயமெண்டா என்னத்துக்கு மீசை?"

"பொறகு வைக்கிறன் தம்பி. கையெல்லாம் சேறு."

கதிர்காமன் வாய்க்காலைப் பார்த்தார். அதில் கழுவுவதற்குத் தண்ணீர் தாராளமாக ஓடியது. மனுவை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

மனுவில் காணிகளின் விபரம் இருந்ததால் ஒப்பம் வைத்தவர், வைக்காதவர் எல்லாரையும் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அந்தச் செய்தி வந்த கையோடு காலிதீன் மாஸ்டர் அச்சிமுகம்மதுவின் வீட்டுக்கு வந்தார். இத்தனை வருடத்தில் அந்த வீட்டுப் படி ஏறியது அதுதான் முதல் தடவை. கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். முன்னறையில் கதிரையைத் துடைத்துப் போட்டார்கள். சல்மா உம்மா சீலை மறைப்புக்குப் பின்னால் நின்றார்.

"அச்சி, நீ என்ட தம்பி மாதிரி," என்று தொடங்கினார் மாஸ்டர். அவர் யாரையாவது தம்பி என்றால் ஏதோ பிடுங்க வந்திருக்கிறார் என்று அர்த்தம். "கந்தோரால வந்து கேப்பாங்க. நீ ஒண்டும் பெரிசாச் சொல்லத் தேவல்ல. நான்தான் காணி செய்யிற, நீ எனக்கிட்ட கூலிக்கு நிக்கிற. அவ்வளவுதான்."

"கூலிக்கா மாஸ்டர்?"

"ஒரு சொல்லுத்தானே. சொன்னா வாய் வெந்து போகுமா? சொல்லாட்டி, அடுத்த போகம் காணி கேட்டு நாலு பேர் என்ட கேற்றடியில நிக்கிறானுகள். நான் ஒன்ன உடமாட்டன். நீ என்ன உட்டுடாத."

முஸ்பிறா பிளேன்டி கொண்டுவந்து வைத்தாள். மாஸ்டர் ஒரு மிடறு குடித்துவிட்டு, சீனி குறைவு என்றார்.

வேன் ஒழுங்கை திரும்பியதும் சல்மா உம்மா வெளியே வந்தார்.

"என்ன சொல்லப் போறீங்க?"

"வேற என்னத்தச் சொல்ற? காணி போயிட்டா மகள்ட வீட்டுக்கு என்னத்தப் போடுற? ஓலையா?"

"முஸ்பிறாட வாப்பா, ஒங்கட கால்ல கிடக்கிற வெடிப்பப் பாருங்க. நான் ஒங்களோட சேந்து புல்லுப் புடுங்கின. கல்யாணம் முடிச்ச நாளையில இருந்து வெள்ளாமைக்காரன்ட பொஞ்சாதியெண்டுதான் ஊருக்குள்ள திரிஞ்சன். நாளைக்கு நீங்க கூலிக்காரனெண்டு ஒப்பம் வெச்சா, அந்தச் சேறெல்லாம் ஆருட சேறு?"

"ஒரு பேச்சுக்குச் சொல்றதுதானே."

"பொய்ச் சொல்லுக்குப் பேச்சுக்கெண்டு ஒரு ஹலால் இரிக்கா?"

வாழைப்பழத்தை அவர் தொடவில்லை. மகளையும் தொடவிடவில்லை. அடுத்த வீட்டு ஆடு தோலோடு தின்றது.

விசாரணை ஒரு பழைய மண்டபத்தில் நடந்தது. வந்திருந்த அதிகாரி இளம் பெண். காய்ச்சலோ என்னவோ, மூக்கைத் துடைத்தபடி இருந்தார். அமைப்பின் தலைவர் என்பதால் மாஸ்டரை அதிகாரிக்குப் பக்கத்திலேயே கதிரை போட்டு இருத்தியிருந்தார்கள். யார் மேல் முறைப்பாடோ அவரே விசாரணைக்குத் தேநீர் ஏற்பாடு செய்திருந்தார். அதைச் சங்கடமாக நினைத்த ஒருவரும் அந்த மண்டபத்தில் இல்லை. தேநீர் நன்றாகத்தான் இருந்தது.

முதலில் அச்சிமுகம்மதுவைக் கூப்பிட்டார்கள்.

"ஐயா, இந்தக் காணியை ஆர் செய்யிற?"

"மாஸ்டர்தான்."

"அப்ப நீங்க?"

பின்வரிசையில் கதிர்காமன் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"நான் கூலிக்காரன்."

"ஒரு நாளைக்கு எவ்வளவு கூலி தாறார்?"

இதற்கு மாஸ்டர் பாடம் சொல்லிக்கொடுக்கவில்லை. அச்சிமுகம்மது அவரைப் பார்த்தார். "வழமையான கூலிதான் மிஸ்," என்றார் மாஸ்டர். அதிகாரி அதையே எழுதினார். பதில் யாருடைய வாயிலிருந்து வந்தது என்பது அவருக்குப் பெரிய விடயமாகப் படவில்லை. அச்சிமுகம்மது ஒப்பம் வைத்தார். சாட்சிக்கு மாஸ்டரும் வைத்தார். தலைவரின் காணியே இப்படி என்றான பிறகு மற்றவர்கள் சொன்னது எடுபடவில்லை. மனு அத்தோடு படுத்துவிட்டது.

வெளியே வாகை மரத்தடியில் கதிர்காமன் மறித்தார்.

"காக்கா, ஒண்டு கேக்கிறன். பயமெண்டா வராம இருந்திருக்கலாமே. வயித்துக் குத்தெண்டு படுத்திருக்கலாமே. வந்து நிண்டு எங்கட தலையில மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே!"

"என்னப் பேசு தம்பி. பேச வேண்டியதுதான்."

"பேசுறதுக்கும் ஒரு ஆள் வேணும் காக்கா," என்று சொல்லிவிட்டுக் கதிர்காமன் சைக்கிளை மிதித்தார்.

வீட்டில் அதற்குப் பிறகு சோறு இருந்தது, ஆணம் இருந்தது, கதை இல்லை. சல்மா உம்மா கோப்பையை முன்னால் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார். ஏதாவது தேவையென்றால், "முஸ்பிறா, ஒங்கட வாப்பாக்கிட்ட விறகு இல்லயெண்டு சொல்லுங்க" என்பார். விறகு இல்லை என்பது அவருக்கு நேரே கேட்கும். மகள் மறுபடியும் சொல்வாள். தை பிறந்தது. பயிரின் குடலை உறை வெடித்துக் கதிர் வந்தது. அந்த வருடம் எரிபந்த நோயும் இல்லை, தத்திப் பூச்சியும் இல்லை. வயல் மஞ்சளும் பொன்னுமாகத் தலை சாய்ந்தது. அச்சிமுகம்மது தனியே வாடியில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கச் சந்தோசமாக இருந்திருக்கவேண்டும்.

நெல் விலை ஏறியது. அது மாஸ்டரின் காதிலும் விழுந்தது. அறுவடைக்குச் சில நாள் இருக்கும்போது அச்சிமுகம்மதுவை வீட்டுக்குக் கூப்பிட்டனுப்பினார்.

"அச்சி, இந்த முறை நெல்ல நானே ஏத்துறன். மில்லுக்காரன் லொறி அனுப்புவான்."

"குத்தகை நெல்லா மாஸ்டர்?"

"என்ன குத்தகை? நீதானே சொன்னாய், கூலிக்காரனெண்டு. ஒப்பமும் வெச்சிட்டாய். அங்க ஒரு கதை, இஞ்ச ஒரு கதையெண்டு கதைக்க ஏலாது. நாளைக்கு ஆராவது கேட்டா நான் என்ன சொல்ற? ஒன்ட கூலிய ஒரு குறையும் இல்லாமத் தருவன். நான் ஹறாமான காசு தொடுறவன் இல்ல."

அச்சிமுகம்மது எப்படி வீட்டுக்கு வந்தார் என்று அவருக்கே தெரியாது. வாசலில் குந்தினார். முஸ்பிறா தண்ணீர் கொடுத்தாள். சொல்லி முடித்தபோது அழுதார். வளர்ந்த மகளுக்கு முன்னால் வாயைத் துவாயால் பொத்திக்கொண்டு அழுதார்.

சல்மா உம்மா அடுப்படி வாசலில் நின்று கேட்டார். உள்ளே போய்க் கறுப்பு ஹபாயாவை எடுத்துப் போட்டார்.

"எங்க உம்மா போறீங்க?" என்றாள் முஸ்பிறா.

"மசூர்ட கடைக்கு."

மசூர் பசளை மூடைகளுக்கு நடுவில் இருந்து ஃபோனில் கதைத்துக்கொண்டிருந்தார். சல்மா உம்மா முடியும்வரை நின்றார்.

"தம்பி, எங்கட மனிசன் ஒங்களுக்கிட்ட விதைநெல்லு, எண்ணெய், யூரியா எல்லாம் எடுத்திரிக்காரு."

"ஓம் ராத்தா. வெட்டு முடியத் தாறண்டாரு. அவசரமில்ல."

"அவரு தரமாட்டாரு."

மசூர் ஃபோனைக் கீழே வைத்தார். "என்ன ராத்தா சொல்றீங்க?"

"அவரு கூலிக்காரன் தம்பி. கந்தோர்ல எழுதிக் குடுத்திரிக்காரு. மாஸ்டரும் பக்கத்துல நிண்டு ஓமெண்டு ஒப்பம் வெச்சிரிக்காரு. கூலிக்காரன் வந்து ஒங்களுக்கிட்ட மூடையத் தூக்கிட்டுப் போனா, அது ஆருட வெள்ளாமைக்கு? நெல்லயும் மாஸ்டர்தான் ஏத்தப் போறாராம். நெல்லு போற வீட்டுக்குத்தானே கடனும் போகணும்?"

"பகிடி விடாதீங்க ராத்தா. மாஸ்டர்ட கடனெண்டா நான் குடுத்தே இரிக்கமாட்டன்."

அது உண்மை. காலிதீன் மாஸ்டருக்குக் கடன் கொடுத்துத் திரும்ப வாங்கியவன் அந்தப் பக்கத்தில் இல்லை. மாஸ்டர் வீட்டு மதிலுக்குச் சீமெந்து கொடுத்தவன் இன்றும் அந்த மதிலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டு போகிறான்.

"பகிடி விட்டது நான் இல்ல," என்றார் சல்மா உம்மா. "நெல்லு லொறியில ஏறினாப் பொறகு, ஒங்கட காச நீங்க மாஸ்டர்ட விறாந்தையில நிண்டுதான் கேக்கணும். அங்க கதிரையும் தரமாட்டாங்களாம்."

அறுவடை நாளன்று காலையிலேயே கிழக்கில் கடல் பக்கமாக மேகம் கட்டியிருந்தது. வெட்டுமெசின் வந்து வயலின் வாயில் நின்றது. மில்லுக்காரனின் லொறி வந்தது. மாஸ்டரின் வேன் வந்து வாய்க்கால் கட்டில் நின்றது. பின்னாலேயே மோட்டார்சைக்கிளில் மசூர். மசூர் வருகிற வழியில் உழவுக்காரனையும் ஏற்றி வந்திருந்தார். அவனுக்கும் கடைசி உழவின் கூலி வரவேண்டியிருந்தது.

அச்சிமுகம்மது வரம்பில் இருந்தார். சல்மா உம்மா வாடி நிழலில் நின்றார். வயலுக்கு வருவதற்கு முன் வீட்டில் அவர் கணவனிடம் நேராக ஒன்று சொல்லியிருந்தார். இத்தனை நாளில் அதுதான் முதல் பேச்சு. "இண்டைக்கு நீங்க ஒண்டும் செய்யத் தேவல்ல. இரிக்கிற இடத்துல இரிங்க. அது ஒங்களுக்கு ஏலுந்தானே?"

மெசின்காரன் கேட்டான். "ஆரு காசு தாற? சொன்னாத்தான் இறக்குவன். அங்கால இன்னும் ரெண்டு வயல் பாத்துக்கிட்டு நிக்கிது."

"வெட்டு, வெட்டு. அச்சி தருவான்," என்றார் மாஸ்டர் கண்ணாடிக்குள்ளிருந்து.

எல்லாரும் அச்சிமுகம்மதுவைப் பார்த்தார்கள். அவர் எழும்பவில்லை. குரல் நடுங்கியது, ஆனால் வந்தது. "நான் எப்பிடித் தாற? எனக்குத்தான் கூலி தரணும்."

மசூர் வேனுக்குக் கிட்டப் போனார். "மாஸ்டர், நெல்லு ஒங்கடதாம். சந்தோசம். அப்ப என்ட காசத் தந்திட்டு ஏத்துங்க. விதைநெல்லு, எண்ணெய், யூரியா. இந்தா உழவுக்காரனும் நிக்கிறான்."

"அது அச்சி எடுத்த கடன். எனக்கும் அதுக்கும் என்ன?"

"கூலிக்காரன் எடுத்தா முதலாளிக்குத்தானே மாஸ்டர்."

மாஸ்டர் கண்ணாடியை முழுக்க இறக்கினார். குளிர் போனது. "டேய் அச்சி, எழும்பி வாடா இஞ்ச!"

அச்சிமுகம்மது இருந்தார். முழங்காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, பல் கடித்தபடி இருந்தார். மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. அவருடைய கண் அதிலேயே நின்றது. மழை விழுந்தால் முற்றிய கதிர் சேற்றில் படுத்துவிடும். மெசின் இறங்காது. மகளின் கூரை அந்தச் சேற்றில்தான் கிடக்கும். எழும்பி ஓடிப்போய் மாஸ்டரின் காலைப் பிடித்தால் என்ன என்றுகூட நினைத்தார். சல்மா உம்மாவைப் பார்த்தார். சல்மா உம்மா மேகத்தைப் பார்க்கவில்லை. கணவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அச்சிமுகம்மது இருந்த இடத்திலேயே இருந்தார்.

மெசின்காரன் எஞ்சினை முடுக்கினான். "நான் போறன் மாஸ்டர். மழைக்கு முன்ன அங்கால முடிக்கணும்."

முதல் துளி வேனின் முன்கண்ணாடியில் விழுந்தது. மாஸ்டரின் சட்டைப் பையில் எப்போதும்போல எதுவும் இல்லை. கடன்காரர் இருவர், மெசின்காரன், லொறிக்காரன், வரம்புகளில் வேடிக்கை பார்க்க வந்து நிற்கும் குத்தகைக்காரர்கள். வெள்ளாமை தன்னுடையது என்றால் எல்லாருக்கும் இப்போதே இறுக்கவேண்டும். இல்லையென்றால் குத்தகை மூடைகளாவது நோகாமல் வீடு வந்து சேரும். மாஸ்டர் வர்த்தகம் படிப்பித்தவர். கணக்கு வேகமாகப் போட்டார்.

"சரி, சரி. வெள்ளாமை அச்சிடதான். அவன்தான் செஞ்சவன். அவனே குடுப்பான். வெட்டு!"

"கேக்கல்ல மாஸ்டர்," என்றார் அடுத்த வரம்பிலிருந்து கதிர்காமன். கையில் ஃபோனைத் தூக்கிப் பிடித்திருந்தார். "ஆர் செஞ்சதெண்டு சொன்னீங்க?"

"அவன்தான்டா செஞ்சவன்! அச்சிமுகம்மதுதான் செஞ்சவன்! போதுமா?"

மெசின் இறங்கியது. அச்சிமுகம்மது எழும்பியபோது கால் விறைத்திருந்தது. மில்லுக்காரனின் லொறி வெறுமையாகத் திரும்பியது. மசூர் ஒரு படங்கு கொண்டுவந்திருந்தார். அதை விரித்து நெல்லைக் கொட்டினார்கள். மழை தூறி, நின்று, மறுபடியும் தூறியது. கதிர்காமனும் வந்து சாக்குப் பிடித்தார். அச்சிமுகம்மதுவோடு அவர் கதைக்கவில்லை. சாக்கின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான்.

இதற்கிடையில் மாஸ்டரின் வேன் திரும்ப முயன்று வாய்க்கால் கட்டின் ஈரக் களியில் பின்சில்லைப் புதைத்துக்கொண்டது. உறுமியது. சேறு தெறித்தது. "அச்சி, ஒருக்கா வந்து தள்ளு! ஆரும் வாங்கடா!" என்று மாஸ்டர் கத்தினார். அச்சிமுகம்மதுவின் காதில் அது நன்றாக விழுந்தது. பழக்கத்தில் உடம்பு ஒரு தடவை திரும்பியது. பிறகு குனிந்து அடுத்த சாக்கை எடுத்தார். வேறு யாரும் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் வெள்ளைச் சாரனை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தன் சொந்தக் காணியின் சேற்றில் முதன்முறையாகக் கால் வைத்து மாஸ்டர் ரோட்டுக்கு நடந்தார். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கிற அளவுக்குக்கூட அவரை மதிக்க அன்றைக்கு அங்கே ஆளில்லை.

குத்தகை நெல்லை ஒரு மூடையும் குறையாமல் அச்சிமுகம்மது கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்தார். மசூரின் கடன் தீர்ந்தது. கூரைக்கு மரம் வந்தது. ஓட்டுக்குக் கொஞ்சம் போதவில்லை. கதிர்காமன் ஃபோனில் எடுத்த வீடியோ கந்தோருக்கும் போனது. விசாரணை முடிந்த விடயம் என்று பதில் வந்தது. அடுத்த போகத்து மானியமும் மாஸ்டரின் கணக்குக்கே போனது. காணி வேறொருவனுக்குப் போனது. அவன் மாஸ்டரின் கேற்றடியில் நின்ற நால்வரில் ஒருவன்தான். அமைப்புக் கூட்டத்தில் மாஸ்டர் மறுபடியும் ஏகமனதாகத் தெரிவானார். கதிர்காமன் கையைத் தூக்காததை ஏகமனதில் சேர்க்கவில்லை.

காணி போன செய்தி வந்த அன்று மத்தியானம், சல்மா உம்மா சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போகாமல் எதிரே இருந்தார். கீரிமீன் ஆணத்தை இன்னும் ஒரு கரண்டி ஊற்றினார்.

"சொறிக்கல்முனைப் பக்கம் ஒரு துண்டு குத்தகைக்குப் போகுதாம். கதிர்காமன்ட பொஞ்சாதி சொன்னா. நாளைக்குப் போய்க் கதைங்க."

"காணிக்காரன் எப்பிடியாம்?"

"எப்பிடியா? எல்லாம் அந்தச் சாதிச் சாமான்தான். பசளைக் காச அவனும்தான் எடுப்பான்."

அச்சிமுகம்மது சோற்றைப் பிசைந்தபடி யோசித்தார். "அப்ப, அதை முன்னுக்கே கதைச்சித்தான் காணி எடுக்கணும். காசுல பாதியெண்டாலும் தரணுமெண்டு சொல்லணும்."

"ஆரு சொல்ற?"

"நான்தான்."

சல்மா உம்மா அவரைப் பார்த்தார். நம்பியதாகத் தெரியவில்லை.

"பாப்பம்," என்றார். "நானும் வாறன்."